உள்ளே வந்தபின் ஒரு வாசல்

கல்லூரியில் இடம் கிடைத்து, பெயர் பதிவாகிவிட்ட மாணவருக்கு இன்னொரு தேர்வு வைப்பது அமெரிக்காவின் நீண்ட நாள் வழக்கம். ஆங்கிலத்தில் ஒன்று, கணிதத்தில் ஒன்று. அதில் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்து, அவர் பட்டப்படிப்பின் முதல் வகுப்பில் உட்காரலாமா, பட்டத்துக்குக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்பில் சில பருவங்களைக் கழிக்க வேண்டுமா என்று முடிவு செய்வார்கள். நமக்குப் பழகிய நுழைவுத் தேர்வு வேறு. அது உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்க்கிறது. இந்த நிலையறி தேர்வு, உள்ளே விட்டபின் எங்கே உட்காரவைப்பது என்று பார்க்கிறது. புதிதாக வந்த பிள்ளையிடம் எதுவரை படித்திருக்கிறாய் என்று ஆசிரியர் விசாரிப்பதைப் போன்ற அக்கறையாகத்தான் இது முதலில் தோன்றும். வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கல்லூரியின் வெளிக்கதவு அகலமாகத் திறந்த காலங்களிலெல்லாம் உள்ளே இந்தத் தேர்வு வலுப்பெற்றிருக்கிறது. மாணவரை அளப்பதாகச் சொல்லப்பட்டாலும், முடிவைத் தீர்மானித்தது பெரும்பாலும் கல்லூரி தன் எல்லைக்கோட்டை எங்கே வரைந்தது என்பதுதான். தேர்வுத்தாளில் இருந்த குறையைவிட, அதற்குப் பின்னால் அடுக்கிவைத்த காத்திருப்பு வகுப்புகளே அதிகம் பேரைப் படிப்பிலிருந்து வெளியேற்றின என்பதை இங்கே காட்ட முயல்கிறேன்.

ஆரம்பத்தில் தேர்வுக்கு முன்பே தேவை வந்துவிட்டது. விஸ்கான்சின் 1848இல் மாநிலமானது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாடிசன் நகரில் அதன் பல்கலைக்கழகம் பாடம் தொடங்கியபோது, பேராசிரியர் ஜான் ஸ்டெர்லிங் எடுத்த முதல் வகுப்பே பட்டப்படிப்புக்கான வகுப்பு அல்ல, ஆயத்த வகுப்பு. பல்கலைக்கழகத்துக்கு மாணவரை அனுப்பக்கூடிய உயர்நிலைப் பள்ளிகள் அந்தப் புது மாநிலத்தில் அரிதாக இருந்தன. நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்காக 1865இல் திறந்த வாசர் கல்லூரியும் வந்தவர்களில் பலரை ஆயத்தப் பிரிவில்தான் சேர்க்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு அதுவரை கிடைத்த பள்ளிப் படிப்பு அப்படிப்பட்டது. அந்தப் பிரிவு 1888 வரை நீடித்தது. குறை மாணவரிடம் இருந்ததா, பள்ளி இல்லாத ஊரிடம் இருந்ததா என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் கண்முன்னே இருந்தது. பள்ளிகள் பெருகியதும் ஆயத்தப் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஹார்வர்டு 1874இல் செய்தது வேறு வகை. 1869இல் தலைவர் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், கிரேக்கமும் லத்தீனும் ஆண்டுகொண்டிருந்த பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்கும் இடம் வேண்டும் என்று நினைத்தவர். அவர் அழைத்துவந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில், பத்திரிகை உலகத்திலிருந்து வந்தவர். அவர்கள் காலத்தில், சேர வரும் ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. பொருள் ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’, ‘ஜூலியஸ் சீசர்’, வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ போன்ற நூல்களிலிருந்து வரும். எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம் எல்லாம் பார்க்கப்படும். 1879இல் எழுதியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தேறவில்லை. நாட்டின் மிகச் சிறந்த பள்ளிகளிலிருந்து, பெரும்பாலும் வசதியான வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் பள்ளிகள் பல தலைமுறையாக லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்ததற்குக் காரணம், ஹார்வர்டு அதைத்தான் கேட்டுவந்தது. கேள்வி மாறியது, பதில் தயாராக இல்லை. ஆனால் ஊரெல்லாம் பரவிய பேச்சு, இளைஞர்களுக்கு எழுத வரவில்லை என்பதுதான். முன்பு எழுத வந்தது என்பதற்கு எந்த அளவும் கிடையாது, ஏனென்றால் முன்பு யாரும் இப்படி அளந்ததில்லை. ஹார்வர்டு அமைத்து 1892இல் அறிக்கை தந்த குழுவில் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், பத்திரிகையாசிரியர் காட்கின், ஜோசையா குவின்சி ஆகியோர் இருந்தார்கள். எழுத்தைக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அதில் எவருமில்லை. மாணவர் கட்டுரைகளைப் புரட்டிய குழு, பழியைப் பள்ளிகள்மேல் போட்டது.

பெயரளவில் ஹார்வர்டு வைத்தது நுழைவுத் தேர்வுதான். நடைமுறையில் தவறியவர்களையும் நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். 1907இல்கூட ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கிலும் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தந்தக் கல்லூரி அறிவித்த சேர்க்கைத் தகுதியை முழுதாக நிறைவு செய்யாதவர்கள். கட்டணம் செலுத்தும் மாணவர் கல்லூரிக்கு வேண்டியிருந்தது. தரத்தை உயர்த்திவிட்டோம் என்ற பெயரும் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றியது உள்ளே வைத்த தேர்வு. மேற்குக் கரையில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1898இல் ‘சப்ஜெக்ட் ஏ’ என்ற எழுத்துத் தகுதியை விதித்தபோது இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்றது. அந்தத் தேர்வில் தவறினால் பல்கலைக்கழகம் உங்களை அனுப்பிவிடாது. ஆனால் பட்டத்துக்குச் சேராத எழுத்து வகுப்பு ஒன்றை முடித்தாக வேண்டும். மாணவர்கள் அந்த வகுப்பை மந்தபுத்திக்காரர் வகுப்பு என்ற பொருளில் கேலிப் பெயர் வைத்து அழைத்தார்கள். மைக் ரோஸ் என்ற கல்வியாளர் 1985இல் எழுதிய கட்டுரையில் இந்த வரலாற்றைக் குறித்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: எழுத வராத மாணவர் என்ற சிக்கல் இப்போதுதான் வந்தது, விரைவில் போய்விடும் என்று பல்கலைக்கழகங்கள் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. தற்காலிகம் என்று நம்பியதால்தான் அந்த வகுப்புகளுக்கு நிரந்தர ஆசிரியரும் கௌரவமும் கிடைக்கவில்லை. ரோஸுக்கு இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. பள்ளியில் அவருடைய தேர்வு முடிவு, அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொரு மாணவரின் முடிவோடு மாறிப்போய், இரண்டு ஆண்டுகள் தொழிற்பயிற்சிப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

இந்த ஏற்பாட்டுக்கு அறிவியல் உடை போட்டது 1920கள். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் தேர்வு நடத்தியிருந்தது. கூட்டத்தை விரைவாகப் பிரிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து கல்லூரிகளுக்கு வந்தது. அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்ற உளவியலாளர், ஜார்ஜ் ஸ்டாடர்டு முதலியோரோடு சேர்ந்து, வேதியியல், கணிதம், ஆங்கிலம், அயல்மொழி ஆகியவற்றுக்கு நிலையறி தேர்வுகளை உருவாக்கினார். சீஷோரின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஒவ்வொரு மாணவரும் தன்னால் எட்டக்கூடிய உயரத்தில் வேலை செய்ய வேண்டும், எல்லாரையும் ஒரே வேகத்தில் ஓட்டக்கூடாது என்பது அவர் கொள்கை. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பாடத்துக்கும் அவர்கள் இரண்டு வகைத் தேர்வு வைத்தார்கள்: இதுவரை என்ன கற்றிருக்கிறார் என்று பார்க்க ஒன்று, இனிக் கற்கும் திறன் எவ்வளவு என்று பார்க்க மற்றொன்று. மோசமான பள்ளியிலிருந்து வந்த கெட்டிக்காரப் பிள்ளையை அடையாளம் காண அந்த இரண்டாவது கேள்வி தேவை. கற்கும் திறனை ஒரு தாளில் அளந்துவிடலாம் என்று அந்தத் தலைமுறை நம்பியதை இன்றைக்கு ஏற்க முடியாது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. பின்னாளில் நாடெங்கும் பரவிய நிலையறி தேர்வுகள் முதல் கேள்வியோடு நின்றுவிட்டன.

அரைகுறையாக நின்றுபோன அந்தக் கருவி, இரண்டாண்டுப் படிப்புத் தரும் சமுதாயக் கல்லூரிகளின் காலத்தில் பெரும் அதிகாரம் பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா எல்லாருக்கும் கல்லூரி என்று அறிவித்தது. கலிபோர்னியாவின் 1960ஆம் ஆண்டுப் பெருந்திட்டம், படிக்க விரும்பும் எவரும் சமுதாயக் கல்லூரியில் சேரலாம் என்றது. அதே ஆண்டில் பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர், சான் ஹோசே நகரின் சமுதாயக் கல்லூரியை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. திறந்த கதவு என்றால் எல்லாரும் பட்டம் வரை போவார்கள் என்று பொருள் அல்ல. எதிர்பார்ப்போடு வரும் பலரை ஏமாற்றம் தெரியாமல் மெல்ல மெல்ல வேறு வழிக்குத் திருப்பும் வேலையும் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறது என்றார் அவர். அந்த வழிமாற்றத்தில் முதல் படியாக அவர் குறித்தது, சேரும்போது வைக்கும் தேர்வு. குறைந்த மதிப்பெண், அடிப்படை வகுப்பு, ஆலோசகருடன் பேச்சு, கடைசியில் மாணவரே தன் ஆசையைக் குறைத்துக்கொள்வது. யாரும் அவரை வெளியேற்றவில்லை. அவராகவே போனார் என்று பதிவாகும். கிளார்க் இதைச் சதி என்று சொல்லவில்லை. அவர் விவரித்தது ஒரு நிறுவனத்தின் இயல்பான இயக்கத்தை. அதனால்தான் அந்தச் சாட்சியத்துக்கு எடை அதிகம்.

வேறு மாதிரியும் நடந்திருக்க முடியும் என்பதற்கு நியூயார்க் சான்று. 1969 ஏப்ரலில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிட்டி கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றிப் போராடினார்கள். அதன் விளைவாக, அந்தக் கல்லூரி அடங்கிய நகரப் பல்கலைக்கழகம் பின்னாளுக்குத் திட்டமிட்டிருந்த திறந்த சேர்க்கையை 1970 இலையுதிர் பருவத்திலேயே தொடங்கியது. நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எவருக்கும் இடம் உண்டு. அப்போது கல்விக் கட்டணமும் இல்லை. முதலாண்டு மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 35,000 ஆனது. வந்தவர்கள் எழுதிய நிலையறி கட்டுரைகளைக் கண்டு ஆசிரியர்கள் பலர் திகைத்தார்கள். எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மினா ஷானெசியும் முதலில் திகைத்தவர்தான். ஆனால் அவர் அந்தத் தாள்களை மதிப்பெண் போட்டுக் கட்டிவைக்கவில்லை. 1970க்கும் 1974க்கும் இடையில் எழுதப்பட்ட ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை வரிவரியாகப் படித்தார். கையெழுத்து, நிறுத்தக்குறி, வாக்கிய அமைப்பு, எழுத்துக்கூட்டல், சொல்வளம் என்று பிழைகளை வகைப்படுத்தினார். அவர் கண்டது இதுதான்: பிழைகள் கண்டபடி சிதறிக்கிடக்கவில்லை, அவற்றுக்குள் ஒழுங்கு இருந்தது. மாணவர் தனக்குத் தெரிந்த பேச்சின் விதியைத் தெரியாத எழுத்தின்மேல் பொருத்திப்பார்க்கிறார். பாதி கேட்ட விதியை எல்லா இடத்துக்கும் நீட்டுகிறார். பிழை விழுமோ என்ற அச்சத்தில் வாக்கியத்தை நடுவிலேயே முறித்துவிடுகிறார். மந்தபுத்தி அல்ல இது, தொடக்கநிலை. 1977இல் வெளிவந்த அவருடைய நூல், நிலையறி தேர்வுத் தாள் ஒன்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இன்றும் எனக்குத் தெரிந்த சிறந்த பாடம். தாள் மாணவரைப் பற்றிச் சொல்லும் செய்தியை ஆசிரியர் தன் வேலைக்கான குறிப்பாக எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாதை நீடிக்கவில்லை. நகரத்தின் நிதி நெருக்கடி 1976இல் இலவசக் கல்வியை முடித்துவைத்தது; ஆசிரியர்கள் பெருமளவில் வேலை இழந்தார்கள். ஷானெசி 1978இல் இறந்தார். அதே ஆண்டில் நகரப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் பொதுவாக வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றிலும் திறன் தேர்வு வந்தது. எழுத்துத் தேர்வு 50 நிமிடக் கட்டுரை. கற்பிக்கும் ஆட்கள் குறைந்த நேரத்தில் அளக்கும் ஏற்பாடு பெருகியது. 1999இல் பென்னோ ஷ்மிட் தலைமையிலான குழுவின் அறிக்கையை ஒட்டி, நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அடிப்படை வகுப்புகளை விலக்கும் முடிவு உறுதியானது. அதன்பின் அந்தத் தேர்வில் தவறியவர் பொதுவாக நான்காண்டுக் கல்லூரிக்குள் வர முடியாமல் போனது. உள்ளே வந்தவருக்கு உதவ வைத்த தேர்வு முப்பதே ஆண்டுகளில் வெளிக்கதவாகிவிட்டது.

நாடு முழுவதும் இந்தத் தேர்வுகளால் என்ன விளைந்தது என்பதை எண்களால் பார்க்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பெய்லியும் உடன் ஆய்வாளர்களும் 57 சமுதாயக் கல்லூரிகளின் இரண்டரை லட்சம் மாணவர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கணித அடிப்படை வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் 33 சதவீதம் பேரும், வாசிப்பு வகுப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் 46 சதவீதம் பேருமே அந்த வரிசையை முடித்தார்கள். தோற்று நின்றவர்களைவிட, முதல் வகுப்பிலோ அடுத்த வகுப்பிலோ சேராமலே விட்டுவிட்டவர்கள் அதிகம். கணக்கு எளியது. எண்கணிதம், முன் இயற்கணிதம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று நான்கு படி இருந்து, ஒவ்வொரு படியிலும் நான்கில் மூவர் தேறித் தொடர்ந்தால்கூட முடிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே மிஞ்சுவார்கள். ஒவ்வொரு பருவ இடைவெளியிலும் வேலை, குழந்தை, வாடகை, பேருந்துக் கட்டணம் என்று வாழ்க்கை குறுக்கே வந்துகொண்டிருக்கும். அனுப்பிய முடிவாவது சரியா? ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் முதலியோரின் ஆய்வு, கணிதத்தில் தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் பெரிதும் தவறான இடத்தில் அமர்த்தப்பட்டார்கள் என்றது. அவர்களில் பெரும்பாலோர் தகுதிக்குக் கீழே தள்ளப்பட்டவர்கள். பள்ளி மதிப்பெண்களைப் பார்த்திருந்தாலே தவறு கணிசமாகக் குறைந்திருக்கும். எழுதப்போகும் தேர்வுக்கு இப்படி ஒரு விளைவு உண்டு என்பதே பல மாணவருக்குத் தெரியாது; தயாரிப்பு எதுவும் இன்றி, விண்ணப்ப நாளின் வேலைகளில் ஒன்றாக எண்ணிக் கணினி முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் அறியாமல் நடந்தது என்று கல்லூரிகள் சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் புல்லர்டன் கல்லூரியில் நிலையறி தேர்வு லத்தீன் அமெரிக்க மாணவர்களைத் தடுக்கிறது என்று 1988லேயே வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் அது உடன்பாட்டில் முடிந்தது. ஒரே தேர்வை நம்பாமல் வேறு அளவுகோல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற விதி அதையொட்டி வந்தது. விதி ஏட்டில் இருந்தது. தேர்வு மதிப்பெண் வழக்கம்போல ஆண்டது. ‘ஏபி 705’ என்ற சட்டம் 2017இல் நிறைவேறிய பிறகே நிலைமை மாறியது. ஒரு மாணவர் நேரடியாகக் கல்லூரிநிலை வகுப்புக்குப் போனால் தேற வாய்ப்பு மிகக் குறைவு என்று கல்லூரி காட்டினால் ஒழிய, அவரை அடிப்படை வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்றது அது. நிரூபிக்கும் பொறுப்பு மாணவரிடமிருந்து கல்லூரிக்கு மாறியது. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் இதைத்தான் பெரிய திருப்பம் என்று கருதுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டே, பல்லாயிரம் மாணவரைப் பிரித்துவந்த ‘கம்பஸ்’ என்ற கணினித் தேர்வை அதை நடத்திய நிறுவனமே நிறுத்திவிட்டிருந்தது.

இந்தத் திருப்பத்துக்கு மறுப்புகள் இருக்கின்றன, அவை லேசானவை அல்ல. தயாராகாத மாணவரை ஆழத்தில் இறக்கினால் மூழ்கிவிடுவார் என்பது முதலாவது. இதற்கு விடை சொல்ல நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஒரு நல்ல சோதனை நடந்தது. தொடக்க இயற்கணித வகுப்பு தேவை என்று தேர்வு சொன்ன மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை அந்த வகுப்புக்கும் இன்னொரு பகுதியினரை நேரடியாகக் கல்லூரிநிலைப் புள்ளியியல் வகுப்புக்கும் வாராந்தரப் பயிலரங்கோடு அனுப்பினார்கள். அடிப்படை வகுப்பில் தேறியவர் 39 சதவீதம். ‘தகுதிக்கு மேலான’ புள்ளியியலில் தேறியவர் 56 சதவீதம். இரண்டும் ஒரே பாடம் அல்ல என்பது உண்மை. வரலாறும் சமூகவியலும் படிக்க வந்தவருக்கு இயற்கணிதம் ஏன் முன்நிபந்தனை என்ற கேள்வியை அது எழுப்புகிறது. கோட்டைக் கல்லூரி எங்கே வரைந்தது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற என் வாதத்துக்கு அது வலுச் சேர்க்கிறது. கலிபோர்னியாவில் நேரடி வகுப்புகளின் தேர்ச்சி விகிதம் குறைந்தது என்று சொல்கிறார்கள், அதுவும் உண்மை. முன்பு வடிகட்டி அனுப்பிய சிலரோடு இப்போது அனுப்பும் எல்லாரையும் ஒப்பிட்டால் விகிதம் குறையத்தான் செய்யும். பார்க்க வேண்டியது, முதல் முறை கணிதத்தில் சேர்ந்த எல்லாரிலும் ஒரே பருவத்தில் கல்லூரிநிலை வகுப்பைத் தாண்டியவர் எத்தனை பேர் என்பது. 2015இல் 14 சதவீதமாக இருந்தது 2019இல் ஏறத்தாழ 40 ஆனது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. பள்ளி மதிப்பெண்ணை நம்பச் சொல்கிறீர்கள். அந்த மதிப்பெண் வீங்கிக்கொண்டே போனால்? சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குழு ஒன்று 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, புதிய மாணவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருடைய கணிதம் உயர்நிலைப் பள்ளித் தரத்துக்குக் கீழே இருக்கிறது என்றது. அவர்களில் பலர் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நுண்கணிதம் தேவைப்படும் பொறியியல் போன்ற படிப்புகளில், பின்னம் கூட்டத் தடுமாறுபவரை அப்படியே அனுப்புவது கொடுமை. ஆகவே தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சான் டியாகோவில் தேர்வு ஒரு உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னது. அது தேர்வு செய்ய வேண்டிய வேலை. கண்டுபிடித்ததை வைத்து மாணவருக்கு எதைச் சேர்த்துக் கொடுப்பது என்று முடிவெடுப்பது ஒன்று, எதை நிறுத்திவைப்பது என்று முடிவெடுப்பது வேறு. இந்த இடத்தில் நம் வாசகர் ஒரு வேறுபாட்டையும் மனத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாடு 1984இல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வைக் கைவிட்டு 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை ஏற்றபோது, அந்த மதிப்பெண் மாநிலம் முழுவதற்கும் பொதுவான தேர்விலிருந்து வந்தது. அமெரிக்கப் பள்ளி மதிப்பெண்ணோ அந்தந்த ஆசிரியர் அந்தந்த வகுப்பறையில் போடுவது. பல ஆண்டு உழைப்பின் பதிவு என்பதால் அது ஒரு நாள் தேர்வைவிட நன்றாக முன்னறிவிக்கிறது. பொது அளவுகோல் இல்லை என்பதால் அது எளிதில் வீங்கவும் செய்கிறது. அமெரிக்க முடிவுகளை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது.

மிச்சிகனின் கிராண்ட் வேலி மாநிலப் பல்கலைக்கழகம் 1996இல் எடுத்த வழியையும் சொல்ல வேண்டும். டேனியல் ராயர், ரோஜர் கில்ஸ் என்ற இரு ஆசிரியர்கள், எந்த எழுத்து வகுப்பு வேண்டும் என்பதை மாணவரே தேர்ந்தெடுக்க விட்டார்கள்; ஒவ்வொரு வகுப்பும் என்ன கேட்கும், எப்படிப்பட்டவருக்குப் பொருந்தும் என்று விளக்கிச் சொல்வது கல்லூரியின் கடமையாயிற்று. எல்லாரும் கடினமானதையே எடுப்பார்கள் என்று பயந்தார்கள். கணிசமானவர்கள் தாமாகவே அடிப்படை வகுப்பை எடுத்தார்கள். இது எழுத்துக்குப் பொருந்தும், நுண்கணிதத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது ஐயம். ஆனால் ஷானெசி தாள்களைப் படித்த மேசையிலும் கிராண்ட் வேலியின் விளக்கக் கூட்டத்திலும் பொதுவாக இருந்தது, மாணவரோடு நேரம் செலவழிக்க ஒரு ஆசிரியர் இருந்தார் என்பது. கணினித் தேர்வு மலிவாக முடிந்துவிடும். ஆசிரியர் நேரத்துக்குப் பணம் வேண்டும். 1976க்குப் பின் நியூயார்க்கில் நடந்ததை மறக்காதவர்கள் கலிபோர்னியாவில் இப்போது கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். 2022இல் அடுத்த சட்டமான ‘ஏபி 1705’ வந்தபோது, அதை நடைமுறைப்படுத்த நூற்றுக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகளுக்கு மாநிலம் ஒதுக்கியது 6.4 கோடி டாலர், ஒரே ஒரு முறை. கல்லூரிநிலை வகுப்போடு சேர்ந்து நடக்க வேண்டிய துணை வகுப்பின் ஆசிரியருக்கோ ஒவ்வொரு பருவத்திலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.